பிழை வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லீங்க

1/
வழக்கமா சர்க்கரை, பிரஷர், டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர் கதை சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க. கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் படிக்கலாம். முடிவுல இது மருத்துவக் கதைதான்.

2/
என் கிளினிக் அகரத்தில் இருக்கு. திண்டுக்கல் பக்கம், தாடிக்கொம்பை ஒட்டிய ஊர். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு மருந்து ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான் கிளினிக். வாரத்தில் ஒரு நாள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி.

3/
தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கணும். சூடானா வீரியம் போகும், இது எல்லாருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது: சில மருந்துகள் உறைஞ்சாலும் வீணாயிடும். ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட், டி.டி. எல்லாம் இந்த ரகம். குப்பி மேல நிறம் மாறுற லேபிள் ஒண்ணு ஒட்டியிருப்பாங்க. அது சூட்டைத்தான் காட்டும். உறைஞ்சு உருகினதைக் காட்டாது.

4/
அதனால ஃப்ரிட்ஜைக் கண்காணிக்க நானே ஒரு சின்ன கருவி செஞ்சு வெச்சிருந்தேன். அக்கா பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு விட்டுட்டுப் போன பீகிள்போன் பிளாக் போர்டு ஒண்ணு, எல்.எம்.75 வெப்பநிலை சென்சார் ஒண்ணு, ஒரு பஸ்ஸர். போர்டில் லினக்ஸ் ஓடும். நிமிஷத்துக்கு ஒரு தடவை டிகிரியைக் குறிச்சு வைக்கும். எல்லை தாண்டினா கத்தும்.

5/
ஐப்பசி மாசம், முத்தாலம்மன் திருவிழா முடிஞ்ச சமயம். ராத்திரி பூரா மழை. கரன்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு. காலையில் வந்து பார்த்தா போர்டில் லைட் எரியுது.

"லைட் எரியுது டாக்டர், சத்தமும் வரலை. நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க சிஸ்டர்.

பதிவைத் திறந்தேன். கடைசி வரி ராத்திரி 11.40. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை.

6/
கரன்ட் விட்டு விட்டு வந்ததில் மெமரி கார்டு கெட்டுப் போயிருந்தது. லினக்ஸ் எழவே இல்லை. எழாத ஆள் எப்படிக் கத்துவார்?

காலையில் ஃப்ரிட்ஜ் 5 டிகிரி காட்டுது. நடுவுல என்ன ஆச்சு? ஏறி இறங்குச்சா, உறைஞ்சு உருகுச்சா? யாருக்கும் தெரியாது.

7/
அன்னைக்குத் தடுப்பூசி நாள். வாசலில் பதினொரு குழந்தைகள். மருந்து எல்லாத்தையும் தனியா எடுத்து, "போடக்கூடாது"ன்னு எழுதி ஒட்டிட்டு வெளியே வந்து சொன்னேன்.

பேத்தியை இடுப்புல வெச்சிருந்த ஒரு அப்பத்தா கேட்டாங்க: "ஏந்தம்பி, ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கேன். பெட்டி சில்லுன்னுதானே இருக்கு? போட்டு விடுங்களேன்."

"இப்ப சில்லுன்னுதான் இருக்கு அப்பத்தா. ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலையே."

அவங்க ஒண்ணும் சொல்லலை. பேத்தியைத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாங்க. தப்பு வேற யாரோடதும் இல்லை, என்னோடது.

8/
"டாக்டர், முறையான டேட்டா லாகர் வாங்கலாமே?"ன்னு கேட்பீங்க. வாங்கிட்டேன். மருந்து வைக்கிற எல்லாரும் முதல்ல அதை வாங்குங்க. வீட்டில் செஞ்ச கருவி அதுக்கு மாற்று இல்லை, ரெண்டாவது கண் மட்டும்தான்.

ஆனா அந்த ரெண்டாவது கண்ணைக் குருடா விட மனசு வரலை. லினக்ஸ் எழாதப்போ அந்தப் போர்டில் முழிச்சிருக்கிறது யாரு?

9/
பூட்லோடர்.

விடியக்காலையில் வீட்டுல எல்லாருக்கும் முன்னாடி எழுந்து, அடுப்பைப் பத்த வெச்சு, மத்தவங்களை எழுப்புவாங்களே, அது மாதிரி ஒரு சின்ன நிரல். அதோட வேலை லினக்ஸை எழுப்பி விடுறது. லினக்ஸ் ஃபைலைப் படிக்க முடியலைன்னா, அடுத்து என்னன்னு கேட்டு அப்படியே நிக்கும். அன்னைக்கு ராத்திரியும் அப்படித்தான் நின்னுச்சு.

10/
என் போர்டில் இருக்கிறது யூ-பூட். ஜெர்மனிக்காரர் வோல்ஃப்காங் டெங்க் 2000-ல் பி.பி.சி.பூட்ங்கற பேர்ல கொண்டு வந்தார். அப்போ பவர்பிசி சில்லுகளுக்கு மட்டும். மத்த சில்லுகளும் சேர்ந்ததும் 2002-ல் யூ-பூட் ஆச்சு. ஜெர்மன் மொழியில் அதுக்கு நீர்மூழ்கிக் கப்பல்னு அர்த்தம். டெங்க் 2022-ல் காலமானார். அவர் எல்லாருக்கும் திறந்து வெச்ச மூல நிரலைத்தான் அகரத்துல உட்கார்ந்து நானும் திறந்தேன்.

11/
யூ-பூட்டுக்கு நாம கட்டளை கொடுக்கலாம். சென்சாரைப் படிக்க ஏற்கனவே ஐ2சி-ன்னு ஒரு கட்டளை இருக்கு. ஆனா அது வெறும் எண்களைத்தான் காட்டும். "2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கா?"ன்னு யோசிக்காது.

எனக்கு "ஃப்ரிட்ஜ்"னு ஒரே ஒரு கட்டளை வேணும். டிகிரியைப் படிக்கணும். சரின்னா 0 சொல்லணும், கோளாறுன்னா 1 சொல்லணும்.

12/
புதுக் கட்டளை சேர்க்க மூணு இடத்தில் கை வைக்கணும்.

ஒண்ணு: சி.எம்.டி. ஃபோல்டரில் ஒரு சி ஃபைல். வேலையைச் செய்யுற ஃபங்ஷனை எழுதி, கீழே யூ-பூட்-சி.எம்.டி.ங்கற மேக்ரோவில் கட்டளையோட பேர், அதிகபட்சம் எத்தனை ஆர்க்யுமென்ட், சும்மா என்டர் தட்டினா மறுபடி ஓடணுமா, எந்த ஃபங்ஷன், உதவிக் குறிப்பு எல்லாம் கொடுக்கணும்.

ரெண்டு: மேக்ஃபைலில் ஒரு வரி.

மூணு: கே-கான்ஃபிக் ஃபைலில் ஒரு பதிவு. அப்புறம் அதை "ஆமா"ன்னு தேர்வு செய்யணும்.

13/
நம்ம ஆஸ்பத்திரி பாஷையில் சொன்னா: சி ஃபைல்தான் மருந்து. கே-கான்ஃபிக் டாக்டர் எழுதுற ஆர்டர். மேக்ஃபைல், வார்டுக்கு மருந்து எடுத்துட்டுப் போற ஆள். ஸ்டோர்ல மருந்து இருக்குங்கறதால நோயாளி உடம்புக்குள்ள போயிடாதுல்ல?

14/
நான் பண்ணின முதல் தப்பு: சி ஃபைலை மட்டும் எழுதிட்டு பில்ட் கொடுத்தேன். முழுசா ஓடி முடிஞ்சது. ஒரு பிழை இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. ஆஹா, நம்மளும் புரோகிராமர்தான்!

போர்டில் ஏத்தி "ஃப்ரிட்ஜ்"னு அடிச்சேன். "அப்படி ஒரு கட்டளை தெரியாது, ஹெல்ப் பாரு"ன்னுச்சு.

என் ஃபைலை யாரும் திறந்தே பார்க்கலை. படிக்காத ஃபைலில் பிழை எப்படி வரும்?

15/
சரின்னு மேக்ஃபைலில் வரி சேர்த்தேன். அந்த வரி வேலை செய்யுற விதம் அழகு. "ஓ-பி-ஜே, ஒரு சின்னக் கோடு, அப்புறம் கட்டமைப்பின் விடை"ன்னு எழுதியிருக்கும். விடை ஒய்-ன்னா ஃபைல் "ஓபிஜே-ஒய்"ங்கற பட்டியலில் சேரும், பில்ட் ஆகும். விடையே இல்லைன்னா "ஓபிஜே-"ங்கற வால் இல்லாத பட்டியலில் விழும். அந்தப் பட்டியலை பில்ட் எடுத்துக்காது. இதுவும் பிழை இல்லை. வேணாம்னு சொன்னதை விட்டுடுறதுதான் அதோட முறையே.

16/
மூணாவதா கே-கான்ஃபிக். இது லினக்ஸ் கெர்னலில் இருந்து வந்த முறை. யூ-பூட் 2014-ல் எடுத்துக்கிச்சு.

சோம்பேறித்தனமா, ஏற்கனவே இருந்த "டெம்பரேச்சர்" கட்டளையோட பதிவை அப்படியே காப்பி எடுத்துப் பேரை மட்டும் மாத்தினேன். போர்டோட டெஃப்கான்ஃபிக் ஃபைலில் "ஆமா"ன்னும் எழுதினேன். பில்ட். பிழை இல்லை. போர்டில் அடிச்சா அதே பதில்: கட்டளை தெரியாது.

ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சுங்க.

17/
அக்கா பையனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, நீங்க எழுதினதை விடுங்க. பில்டுக்கு அப்புறம் டாட் கான்ஃபிக் ஃபைல்ல அந்த வரி இருக்கா, பாருங்க."

பார்த்தேன். இல்லை! நான் எழுதின "ஆமா" காணாமப் போயிருந்தது.

காரணம் காப்பி எடுத்த பதிவு. அதில் "தெர்மல் டிரைவர் அமைப்பு இருந்தால் மட்டும்"னு ஒரு நிபந்தனை வரி இருந்தது. டெம்பரேச்சர் கட்டளைக்கு அது வேணும். என் சென்சார் ஐ2சி-யில் நேரா பேசுது, எனக்கு அது வேணாம். என் போர்டில் அந்த அமைப்பு ஆன் ஆகவும் இல்லை. நிபந்தனை பொருந்தாததால என் "ஆமா"வை சத்தமில்லாம தள்ளி விட்டுடுச்சு.

18/
எங்க திண்டுக்கல் பூட்டைப் பார்த்திருக்கீங்களா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. உள்ளே லிவர்கள் வரிசையா இருக்கும். எல்லா லிவரும் சரியான உயரத்துக்கு எழும்பினாத்தான் திறக்கும். சாவி நுழையுது, ஒரு லிவர் மட்டும் எழும்பலைன்னா? பூட்டு உடையாது, கத்தாது. சும்மா திறக்காது, அவ்வளவுதான்.

19/
அந்த வரியைப் பார்த்தப்போ எனக்குப் பயிற்சி டாக்டரா இருந்த காலம் ஞாபகம் வந்தது. வார்டில் ஒரு பாட்டிக்கு பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பினேன். லேப்ல இருந்து போன் வரலை. மோசமா இருந்தா கூப்பிடுவாங்க, கூப்பிடலை, அப்போ நார்மல்னு நினைச்சிட்டேன்.

சாயங்காலம் தெரிஞ்சது. ட்யூப் லேப்புக்கே போகலை. வார்டு ட்ரேயிலேயே இருந்தது. மறுபடி எடுத்தா ஆபத்தான அளவு. பாட்டி பிழைச்சாங்க. அது என் திறமை இல்லை, அவங்க அதிர்ஷ்டம்.

"கெட்ட செய்தி வரலை"ங்கறது வேற, "நல்ல செய்தி வந்துச்சு"ங்கறது வேற. இதை நான் பாட்டிகிட்ட ஒரு தடவை கத்துக்கிட்டு, மறந்து, ஒரு மேக்ஃபைல்கிட்ட மறுபடி கத்துக்கிட்டேன்.

20/
நிபந்தனை வரியை ஐ2சி-க்கு மாத்தினேன். இந்தத் தடவை பிழை வருதான்னு பார்க்கலை. சாட்சி தேடினேன். டாட் கான்ஃபிக்கில் வரி இருக்கா? இருக்கு. பில்ட் ஆன ஃபைல்களில் ஃப்ரிட்ஜ் இருக்கா? இருக்கு. போர்டில் ஹெல்ப் அடிச்சா பேர் வருதா? வந்துச்சு.

சென்சாரை ஐஸ் தண்ணியில் வெச்சேன், கத்துச்சு. உள்ளங்கையில் பொத்தினேன், கத்துச்சு. கடைசியா சென்சார் வயரையே பிடுங்கினேன்.

கத்தலை.

21/
என் கோடு அப்படி. சென்சார் பதில் சொல்லலைன்னா ஒண்ணும் செய்யாம 0-ன்னு திரும்பிடுது. அதாவது "சரி"ன்னு சொல்லுது! மௌனத்தை நலம்னு எடுத்துக்கற அதே புத்தியை நானே கோடுக்குள்ள எழுதி வெச்சிருந்தேன். மாத்தினேன். பதில் இல்லைன்னா 1. பதில் இல்லைன்னா கத்து.

இப்போ போர்டு ஆன் ஆனதும் முதல்ல ஃப்ரிட்ஜைப் பார்க்கும், அப்புறம் லினக்ஸை எழுப்பும். எழலைன்னா நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருக்கும். லினக்ஸ் பாதியில் விழுந்தா பத்து வினாடியில் ரீபூட் ஆகி மறுபடி முதல்ல இருந்து.

22/
அப்பத்தா அடுத்த வாரம் பேத்தியோட வந்தாங்க. புது மருந்து. ஊசி போடறதுக்கு முன்னாடி, அவங்க கேட்காமலேயே ராத்திரிப் பதிவை எடுத்துக் காட்டினேன். எழுத்து தெரியாது அவங்களுக்கு. இருந்தும் கோட்டை விரலால் தடவிப் பார்த்துட்டு, "ராத்திரி பூரா நேராத்தான் போயிருக்கு, போடுங்க தம்பி"ன்னாங்க.

23/
இவ்வளவு படிச்ச உங்களுக்கு ஒரே வேண்டுகோள். யூ-பூட் எல்லாம் வேணாம். எங்கேயாவது ரத்தமோ, ஸ்கேனோ, சதைப் பரிசோதனையோ கொடுத்திருக்கீங்களா? "ஒண்ணும் சொல்லலை, அப்போ நல்லாத்தான் இருக்கும்"னு விட்டுடாதீங்க. போய்க் கேளுங்க. "ரிப்போர்ட் வந்துச்சா? டாக்டர் பார்த்தாரா?"ன்னு ரெண்டு கேள்வி. கேட்கறதுல சங்கடமே வேணாம், சலிச்சுக்கிட்டாலும் கேளுங்க.

காலையில் ஓ.பி. இருக்கு. தூங்கப் போறேன்.