ஓட்டமும் ஓய்வும்

உழைப்பைப் புகழாதார் எவருமில்லை; ஓய்வைப் புகழ்வோரோ மிகச் சிலர். சோம்பலைக் கடியும் நீதிமொழிகளைப் பாலப் பருவத்திலேயே நெட்டுருச் செய்துவிட்டோம். ஆதலின், களைத்தவன் சற்று உட்கார்ந்தாலும் அவனைச் சோம்பேறியெனத் தூற்றுவது நமக்கு எளிதாகிவிடுகிறது. நெடுந்தூர ஓட்டப் பயிற்சியிலும் இவ்வெண்ணம் புகுந்து வாலிபர் பலரின் வலிமையைக் கெடுத்து வருவதால், இதுபற்றிச் சில கூற விழைகிறோம்.

நாம் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். மாலையில் கணக்கேடுகளை மூடியபின் செம்மண் சாலையில் ஓடுவது நமது வழக்கம். நம்முடன் ஓடும் இளைஞர் ஒருவர், 42.195 கிலோமீட்டர் மராத்தானை ஓடி முடிக்கும் ஆவலால் வாரத்தின் ஏழு நாளும் இடைவிடாது ஓடினார். இரண்டு திங்களில் அவர் வேகம் குறைந்தது. உறக்கம் கெட்டது, உணவில் விருப்பம் குன்றியது, காலையில் படுக்கையை விட்டெழுமுன்பே நாடி விரைந்து துடித்தது, சளியும் காய்ச்சலும் அடுத்தடுத்து வந்தன. அவரோ, "இன்னும் போதிய அளவு உழைக்கவில்லை, ஐயா" என்று தூரத்தைக் கூட்டினார். அவர் தந்தையாரும், "பையன் ஒருநாள் படுத்தால் மறுநாளும் படுப்பான், கிராணியாரே" என்று அதனை ஆமோதித்தார்.

ஓடும்போது தேகத்தில் நிகழ்வது யாது? தசைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்னும் சத்து செலவாகிறது. சிதைந்ததைச் செப்பனிட்டு முன்னிலும் உறுதியாக்கும் வேலை, உறக்கத்திலும் ஓய்விலுமே பெரும்பாலும் நடைபெறுகிறது. வற்றிய கிளைக்கோஜன் நிறைய, தக்க உணவு உண்டாலும் ஏறக்குறைய ஒருநாள் செல்லும். அதற்குள் மீண்டும் மீண்டும் கடுமையாக ஓடுவோன், வரவின்றிச் செலவெழுதும் கணக்கனை ஒப்பான். அக்கடன் முற்றினால் மீளப் பல திங்கள் ஆகலாம்.

செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் ஸாட்டோபெக் கடும் பயிற்சிக்குப் பேர்போனவர். 1950இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஐரோப்பியப் போட்டிக்குச் சற்று முன் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார்; பயிற்சி தடைப்பட்டது. எனினும் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் அவரே வாகை சூடினார். அமெரிக்க ஓரிகான் சர்வகலாசாலையின் பயிற்சியாளர் பில் பவர்மன், கடிய நாளுக்குப்பின் எளிய நாள் என்னும் முறையைக் கைக்கொண்டவர். ஓயாது ஓடப் பிடிவாதம் பிடித்த கென்னி மூர் என்ற மாணாக்கரை, மூன்று வாரம் நாளொன்றுக்கு 3 மைலுக்குமேல் ஓடலாகாதெனத் தடுத்தார். அதன்பின் நடந்த 2 மைல் பந்தயத்தில் மூர் தமது பழைய நேரங்களையெல்லாம் விஞ்சினார். 1972 மூனிச் ஒலிம்பிக் மராத்தானில் நான்காம் இடம் பெற்றவரும் அவரே.

இதனை உணர நாம் அயல்நாடு செல்லவும் வேண்டுவதில்லை. பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் வழக்கம் எதற்கு? அளவு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். மரத்துக்கு அளிக்கும் ஓய்வை மகனுக்கு மறுக்கலாமா? பல்லாண்டு பால்வெட்டிய அத்தந்தையாரிடம் இதையே கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஞாயிற்றுக்கிழமை ஓட விடமாட்டேன்" என்றார்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வாரத்தில் ஒருநாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக வகுத்துள்ளது. ஓடும் இளைஞர்களும் அவ்வுரிமையைத் தங்கள் தேகத்துக்கு வழங்குவார்களாக. கடிய ஓட்டத்தின் மறுநாள் மெல்ல ஓடுக, அல்லது நடக்க. காலைதோறும் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வருக. பந்தயத்துக்கு முந்திய இரு வாரம், வேகம் குன்றாமல் தூரத்தை மட்டும் ஏறக்குறையப் பாதியாக்குக. ஓய்ந்தும் களைப்பு நீங்காவிடில் மருத்துவரை நாடுக. உழைப்பின் பலனை உடல் பெற்றுக்கொள்ளும் காலமே ஓய்வு. அதனை வீண்பொழுதென எண்ணுவோர் தம் உழைப்பையே வீணாக்குகின்றனர்.