வளவைப் பற்றிச் சொல்ல நீங்கள் வேண்டும்

சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள ஆச்சிக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுத்துவிட்ட தைலம் வந்து சேர்ந்திருக்கும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரி, பார்ப்போம்" என்று வைத்துவிடுவீர்கள். எழுதினால் மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எடுத்துப் படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகளோடு ஒரு தடவை நாம் போனோமே, கிளி ஜோசியக்காரரைவிட்டு நகரமாட்டேன் என்று சின்னவன் அழுதானே, அதே இடம்தான். அன்றைக்கு வீடுகளைச் சுற்றிப் பார்த்ததோடு திரும்பிவிட்டோம். அங்கே வரிஜா கேலரி என்று ஒன்று இருக்கிறது. படங்கள் மாட்டுவார்கள், அவ்வப்போது யாராவது வந்து பேசுவார்கள். நேற்றுப் பேச்சு பழைய வீடுகளைப் பற்றி. ஒரு வீட்டை நின்ற இடத்தில் பிரித்து இன்னோர் ஊரில் எழுப்புவது எப்படி என்று, அந்த வேலையிலேயே பல வருஷம் இருந்த ஒருவர் படம் போட்டுக் காட்டினார். முப்பது நாற்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள்.

முதலில் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்துகொள்வார்களாம். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். தூண், உத்தரம், கைமரம், நிலை, கதவு எதையும் விடுவதில்லை. ஓட்டை இறக்கி, கைமரத்தைக் கழற்றி, கடைசியில் தூண். ஏற்றிய வரிசைக்கு நேர் தலைகீழாக இறக்க வேண்டும். சுவரை மட்டும் தூக்கிவர முடியாது. அதைப் புது இடத்தில் பழைய முறையிலேயே எழுப்ப வேண்டும். சுண்ணாம்பும் மணலும் அரைத்துப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவதை அவர் சொன்னபோது எனக்குக் கன்னம் சில்லென்றது. வெயில் காலத்தில் நான் பட்டாலைச் சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பேன் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

எண் எழுதின ஒரு தூணின் படம் வந்தது ஆச்சி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. நம் வீட்டைப் பிரித்தபோது யார் எண் எழுதினார்கள்? பதினாறு பங்கு. ஒருவர் பழுதுபார்க்கலாம் என்றால் இன்னொருவர் விற்கலாம் என்றார். கடைசியில் நிலை ஒரு லாரியில், தூண்கள் ஒரு லாரியில். ஐயா மோல்மீனில் கொண்டுவிற்றுச் சம்பாதித்து, கப்பலில் வரவழைத்த பர்மாத் தேக்கு. 1942-இல் ஜப்பான்காரன் வந்து அங்கே இருந்ததெல்லாம் போனபிறகும் இந்த மரம் நம்மிடம் இருந்தது. அதையும் நாமே அனுப்பிவிட்டோம்.

தட்சிணசித்ராவிலோ, இடிபடப் போகிற வீடுகளாகத் தேடிப்பிடித்துத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார், பிறந்தது அமெரிக்கா, 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கி, 1996 டிசம்பரில் இந்த இடத்தைத் திறந்தார். அமைப்பை வகுத்துக் கொடுத்தவர் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, புயல் காற்று வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி வட்டமாகக் கட்டின ஆந்திரக் கடற்கரை வீடு, எல்லாம் ஒரே வளாகத்தில். இப்படி வீடுகளையே கொண்டுவந்து வைக்கும் வழக்கத்துக்கு 1891-இல் ஸ்வீடன் நாட்டில் திறந்த ஸ்கான்சன் என்ற இடம் ஒரு முன்மாதிரியாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பானையை வைத்துக் காட்டுவது வேறு. தட்சிணசித்ராவில் குயவர் சக்கரத்தைச் சுற்றுகிறார், பிள்ளைகள் கையில் மண்ணைக் கொடுக்கிறார். அதனால் பானை எப்படி உருவாகிறது என்பது பிள்ளைகளுக்குக் கையாலேயே புரிகிறது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. பேச்சு முடிந்து கேள்வி நேரம். ஒரு பெண் எழுந்து, "செட்டிநாட்டு வீட்டில் வளவின் முற்றத்தைச் சுற்றி இவ்வளவு அறை, எல்லாம் இருட்டாக, ஜன்னலே இல்லாமல் ஏன்?" என்று கேட்டாள். சாமான் வைக்க என்று அவர் சொன்னார். தப்பில்லை. ஆனால் அதோடு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. கையைத் தூக்கிவிட்டேன். அதை நாங்கள் அறை என்று சொல்லமாட்டோம், வீடு என்றுதான் சொல்வோம் என்றேன். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு வீடு, சாமான் பரப்பி வந்ததெல்லாம் அதற்குள்ளே இருக்கும், பிறகு ஒரு நாள் பார்த்து அரிசி பருப்பு பாத்திரம் கொடுத்து வேறு வைப்பார்கள், ஒரே கூரைக்குக் கீழே அன்றிலிருந்து அவர்களுக்குத் தனிக் கணக்கு, தனி உலை என்று சொன்னேன். கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பிவிட்டது. பேசினவரே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் கேட்டதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே கட்டுக்குள் அத்தனை உலையா? யார் முதலில் பற்றவைப்பார்கள்? ஒரு வீட்டில் உப்பு தீர்ந்தால் அடுத்த வீட்டில் கேட்கலாமா, கூடாதா? ஆறு வயதில் அப்பச்சி என்னை மெட்ராஸுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். எனக்குச் சுவரின் குளிர்ச்சிதான் ஞாபகம். நீங்கள் பதினெட்டு வயது வரை அப்பத்தாள் கைக்குள்ளேயே இருந்தவர்கள்.

மரத்தை எண் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். வீட்டுக்குள் நடந்ததற்கு யார் எண் போடுவது? குயவர் வீட்டில் குயவர் இருக்கிறார். அங்கே உள்ள செட்டிநாட்டு வணிகர் வீட்டில் நம் ஆட்கள்தானே இருந்து சொல்ல வேண்டும். அங்கே உள்ளவர்கள் அவர்கள் வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டார்கள். பாக்கி நம்முடையது. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இது தெரியாது ஆச்சி, என் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

புறப்படும்போது அங்கே இருந்த ஒருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடை, மைக் எதுவும் வேண்டாம். அந்த வணிகர் வீட்டின் வளவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் எனக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னால் போதும். நான் பக்கத்தில் இருந்து பதிவு செய்துகொள்கிறேன். தை பிறக்கட்டும், வெயில் இருக்காது. பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர், நான் காரோடு நிற்கிறேன். ஆத்தாளின் கல்யாணச் சாமான் நோட்டு உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது, அதை மறக்காமல் எடுத்து வையுங்கள். அத்தானிடமும் சொல்லுங்கள், வந்தால் சந்தோஷம்.

வருவது வராதது பிறகு இருக்கட்டும். பதில் கார்டிலேயே இதை மட்டும் எழுதிவிடுங்கள், அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்: நம் இரண்டாங்கட்டில் எத்தனை அடுப்பு? அப்பத்தாளின் அடுப்பு கிணற்றுப் பக்கமா, நெல் குதிர் பக்கமா?

உங்கள் அன்புத் தங்கை