அபர்டீனில் கப்பல் பார்த்தல்

கப்பல் பார்ப்பது என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. பறவை பார்ப்பவர்களைப் போல இதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கழுத்தில் தொலைநோக்கி, கையில் கமரா, சட்டைப்பையில் குறிப்புப் புத்தகம், சுடுநீர்ப் போத்தலில் தேநீர். ஆயினும் அவர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. சொகுசுப் பயணிகள் கப்பலையும் போர்க்கப்பலையும் பார்க்க ஊரே திரளும். பெருங் கொள்கலன் கப்பலுக்கும் ஓரளவு மதிப்பு உண்டு. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் விநியோகக் கப்பலைப் படம் பிடிப்பவர் என்றால் மற்றக் கப்பல் பிரியர்களே சற்று வியப்போடு பார்ப்பார்கள். லொறியைப் படம் பிடிப்பவரைப் பார்ப்பது போல.

அத்தகைய ஒரு மனிதரை நான் 2017 கோடையில் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் சந்தித்தேன். என் தமக்கையின் மகன் அங்கே பொறியியலாளராக இருக்கிறான். இரண்டு வாரம் அவனது வீட்டில் தங்கியிருந்தேன். அவன் வேலைக்குப் போனபின் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பத்திரிகைக்காரன் சும்மா இருக்கும்போது கால்கள் துறைமுகத்தையோ நீதிமன்றத்தையோ சந்தையையோ தேடிப் போகும். அபர்டீனில் துறைமுகம் தேடும் அவசியமே இல்லை. நகரின் பிரதான வீதியான யூனியன் வீதியிலிருந்து மார்க்கெட் வீதி வழியே சில நிமிடம் இறங்கி நடந்தால், கருங்கல் கட்டடங்களின் முடிவில், வீதியின் குறுக்கே நிறுத்தப்பட்ட பேருந்து போல ஒரு செம்மஞ்சள் நிறக் கப்பல் நிற்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு அது தரையில் நிற்பதாகவே தோன்றும்.

இத்துறைமுகம் 1136 ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் டேவிட் வழங்கிய பட்டயத்தோடு தன் வரலாற்றைத் தொடங்குகிறது. மீனும் கருங்கல்லும் ஏற்றிய காலம் போய், 1970களில் வடகடல் எண்ணெய் வந்தபோது ஊரின் தலையெழுத்து மாறியது. மேடைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஹெலிகொப்டரில் போய்வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய உருளைக்கிழங்கு முதல் துளையிடும் குழாய்வரை மற்றெல்லாம் கடல்வழியே போகின்றன.

விநியோகக் கப்பலின் உருவத்தை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். மாலுமிகளின் இருப்பிடமும் கட்டளைக்கூடமும் முன்பக்கத்தில் மாடிவீடு போல உயர்ந்து நிற்க, பின்பக்கம் முழுவதும் வெறுந் தட்டையான மேல்தளம். நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக அது நீண்டு கிடக்கும். 1950களின் நடுப்பகுதியில் மெக்சிக்கோ வளைகுடாவில் வேலைக்கு வந்த 'எப் டைட்' என்ற கப்பலே இந்த அமைப்பின் முன்னோடி. அதற்கு முன்னர் பழைய மீன்பிடிக் கலங்களையும் போர்க்கால மிச்சங்களையும் வைத்துச் சமாளித்தார்கள். நாம் காண்பது பாதிதான். தளத்துக்குக் கீழே தொட்டி தொட்டியாக எரிபொருள், குடிநீர், சீமெந்து, துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேறு ஆகியவை இருக்கும். மேடையை அடைந்ததும் நங்கூரம் போடாமல், எல்லாப் பக்கத்து உந்திகளையும் கணினி இயக்க, அலைக்கு நடுவே ஒரே இடத்தில் நின்று கொடுக்கும். மேலே பாரந்தூக்கி ஆடும், கீழே தளம் ஆடும், இடையில் நின்று கொக்கியை மாட்டுவது மனிதக் கை.

இதன் உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு வகை. துளையிடும் மேடைகளின் நங்கூரங்களைத் தூக்கி வைத்து இழுத்துச் செல்லும் கப்பல்கள் ஒன்று. ஆபத்து வந்தால் மீட்பதற்காகவே மேடையின் அருகில் வாரக்கணக்கில் வட்டமிட்டுக்கொண்டிருக்கும் காவற் கப்பல்கள் மற்றொன்று. பின்னவற்றின் வேலை ஒன்றும் நடவாதிருக்கும்வரை காத்திருப்பதுதான். 1988 ஜூலை 6 இல் 'பைப்பர் அல்பா' மேடை வெடித்து எரிந்து 167 பேர் இறந்தார்கள். அவர்களுள் இருவர் மேடையில் வேலை செய்தவர்கள் அல்லர், 'சாண்ட்ஹேவன்' என்ற கப்பலிலிருந்து சிறு மீட்புப் படகில் தீயை நோக்கிப் போனவர்கள்.

நான் சந்தித்த மனிதர் டொறி பற்றரி என்ற பழைய பீரங்கித் தளத்தின் இடிந்த சுவரோரம் நின்றார். துறைமுக வாயிலுக்குத் தெற்கே மேட்டில் அமைந்த இடம் அது. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. என் கையிலிருந்த கமராவைப் பார்த்துவிட்டு, வாயிலின் வடகரைக்குப் போகாதே, அங்கிருந்து எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும் என்றார். நம் நாட்டில் நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்பதால் வடக்கு, தெற்கு என்று யோசித்துப் படமெடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அங்கே சூரியன் நாள் முழுவதும் தென்வானிலேயே சாய்ந்து போகிறது. ஆகவே தென்கரையில் நிற்பவனுக்கு முதுகில் வெயில், கண்முன்னே ஒளிபட்ட கப்பல். வடகரையில் நிற்பவனுக்குக் கறுத்த உருவம் மட்டும். வேனிற்காலத்து நீண்ட மாலைகளில், சூரியன் வடமேற்கே போய் இறங்கும் வேளையில் மாத்திரம் இது தலைகீழாகும்.

ஆயினும் முதல் நாள் நான் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே நெடுநேரம் ஆனது. கொழும்பில் பணியாற்றியவர்களுக்கு இது புரியும். 1996 ஏப்ரலில் கொழும்புத் துறைமுகம் தாக்கப்பட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் தமிழ்ப் பெயர் பொறித்த அடையாள அட்டையோடு துறைமுக மதிலை நோக்கிக் கமராவைத் தூக்குவது எத்தகைய செயல் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. காலிமுகத்திடலில் கடலையும் பிள்ளைகளின் பட்டங்களையும் எடுப்பதற்கே இருபுறமும் பார்ப்போம். மருமகன் சிரித்தான். "மாமா, பயப்பிடாமல் எடுங்கோ. இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம்." உண்மைதான். 2004 ஜூலையில் சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பிரிட்டனிலும் துறைமேடைகளைச் சுற்றி வேலி போட்டார்கள். ஆனால் பொது இடத்தில் நின்று வேலிக்கு மேலாகப் பார்ப்பவனை எவரும் தடுப்பதில்லை. ஒரு நாட்டில் குடிமகனுக்குள்ள சுதந்திரத்தை அளக்க, துறைமுகத்தைப் படமெடுக்கும் ஒருவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும் என்று அன்று நினைத்தேன்.

அந்த முதியவருடைய படங்களில் கலைநயம் எதுவும் இல்லை. சூரிய அஸ்தமனம், அலையின் தெறிப்பு, கடற்பறவை இவை ஒன்றையும் அவர் பொருட்படுத்தவில்லை. கப்பலின் பக்கவாட்டுத் தோற்றம் முழுமையாக விழவேண்டும்; பெயர் தெளிவாகத் தெரியவேண்டும்; அவ்வளவுதான். படம் எடுத்ததும் புத்தகத்தில் நாள், நேரம், பெயர், எண், வந்ததா போனதா, தளத்தில் சரக்கு உண்டா என்று எழுதுவார். கைத்தொலைபேசியில் கப்பல்களின் இருப்பிடம் தெரிகின்ற இக்காலத்தில் இது எதற்கு என்று கேட்டேன். தொலைபேசி கப்பல் எங்கே என்று சொல்லும், எப்படி இருக்கிறது என்று சொல்லாது என்றார். நிருபர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எவரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அந்த எண்ணைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். கப்பல்கள் பெயர் மாற்றும், கொடி மாற்றும், உடைமையாளரை மாற்றும், வண்ணத்தை மாற்றும். மாறாதது சர்வதேச கடல்சார் அமைப்பின் ஏழிலக்க எண் ஒன்றே. 1987 இல் அறிமுகமாகி 1996 இல் கட்டாயமான அந்த எண் கப்பல் பிறந்தது முதல் உடைக்கப்படும்வரை அதனோடு இருக்கும். அதற்குள் ஒரு சிறு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கங்களையும் முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 139 வரும். அதன் கடைசி இலக்கமாகிய 9 தான் எண்ணின் ஏழாவது இலக்கம். தவறாக எழுதிய எண் பெரும்பாலும் இச்சோதனையில் பிடிபட்டுவிடும். முதியவர் இதை மனத்திலேயே போடுவார். நான் கடதாசியில் போட்டேன்.

அவருடைய புத்தகத்தைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்த வரிகளுக்கிடையே ஒரு பெயர் மட்டும் வாரந்தோறும் திரும்பத் திரும்ப வந்தது. வந்த நேரம் இல்லை, போன நேரம் இல்லை. பெயரும் நாளும் மட்டும். 'மாளவியா செவன்'.

எண்ணெயின் விலை 2014 நடுப்பகுதியில் பீப்பாய்க்கு நூறு டொலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே விழுந்தது. மேடைகளில் வேலை குறைந்தது, கப்பல்களுக்கு ஒப்பந்தம் இல்லாமற் போனது, பல உடைமையாளர்கள் தங்கள் கப்பல்களைக் கரையிலே கட்டிப்போட்டார்கள். ஆள் இறங்கிப் பூட்டிய கப்பல் வேறு. ஆளோடு கைவிடப்பட்ட கப்பல் வேறு. மாளவியா செவன் இரண்டாவது வகை. மும்பாய் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான அது, மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்கப்படாத காரணத்தால் 2016 ஜூனில் அபர்டீனில் தடுத்துவைக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, ஒக்டோபரில் மீண்டும் தடுத்துவைக்கப்பட்டது. நான் பார்த்தபோது மாதங்கள் பல கழிந்துவிட்டன. இந்திய மாலுமிகள் கப்பலிலேயே இருந்தார்கள்.

ஏன் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். கடல்சார் சட்டத்தில் மாலுமியின் சம்பளப் பாக்கிக்குக் கப்பலின் மீதே உரித்து உண்டு. நீதிமன்றம் கப்பலை விற்றால், அடகு பிடித்த வங்கிக்கு முன்னதாகவே மாலுமிக்குப் பணம் சேரவேண்டும். அந்த நாள் வரும்வரை கப்பலில் இருப்பதே அவர்களுடைய பிடி. இறங்கிப் போனவனுடைய கோரிக்கையைத் தூரத்திலிருந்து யார் கேட்பார்? கைவிடப்பட்ட மாலுமிகளுக்கு நான்கு மாதச் சம்பளம்வரை பொறுப்பேற்கும் நிதி உத்தரவாதத்தைக் கப்பல்கள் வைத்திருக்கவேண்டும் என்ற சர்வதேச விதி 2017 ஜனவரி 18 இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாளவியா செவன் அதற்கு முன்னரே கட்டுண்டு நின்றது.

ஒருநாள் மாலை அதையும் படமெடுத்தேன். மேல்தளம் வெறுமையாகக் கிடந்தது. பத்து மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. பின்பக்கத்தில் ஒருவர் கைபேசியில் பேசியபடி நீளத்துக்கும் நடந்து திரும்பினார். எந்த ஊர்க்காரரோ, மறுமுனையில் மனைவியோ தாயோ. எங்களூர்ப் பெடியன்கள் எத்தனை பேர் இப்படிச் சம்பளம் வருமென்று வீட்டுக்குச் சொல்லிச் சொல்லியே அந்நியத் துறைமுகங்களில் நாளைக் கழித்திருப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. படத்தில் அவர் ஒரு புள்ளி. பெயரும் எண்ணும் தெளிவாக இருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கைக் குறைசொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான்: கப்பலைப் பார்க்கிறார்கள், மனிதனைப் பார்ப்பதில்லை என்று. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. நகராத கப்பலை அந்த முதியவர் வாரந்தோறும் எழுதிக்கொண்டிருந்தாரே! அழகான படத்தை மட்டும் தேடுபவர் ஏற்கெனவே எடுத்த கப்பலை மறுபடி எடுக்கமாட்டார்.

நீதிமன்ற உத்தரவின்படி கப்பல் விற்கப்பட்டு, கடைசிவரை தங்கியிருந்த மாலுமிகள் 2017 நவம்பரில் ஊர் திரும்பினார்கள். ஓராண்டுக்கும் மேல். அவர்களுக்காகப் பாடுபட்டது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம். செய்தியை மருமகன் அனுப்பியிருந்தான்.

அம்முதியவரின் பழைய படங்களுள் 'பேர்பன் டொல்ஃபின்' ஒன்றும் இருந்தது. 2006 இல் கட்டி முடித்த புத்தம் புதிய நங்கூரக் கப்பல். 2007 ஏப்ரல் 12 இல் ஷெட்லாந்துக்கு மேற்கே ஒரு துளையிடும் கலத்தின் நங்கூரச் சங்கிலியின் பாரம் பக்கவாட்டில் இழுக்கக் கவிழ்ந்தது. பதினைந்து பேரில் எண்மர் இறந்தனர். கப்பல் தலைவரும், தொழில் பார்க்கக் கூடச் சென்ற அவரது பள்ளிப் பருவ மகனும் அவர்களுள் அடங்குவர். படத்தைக் காட்டிய முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

2023 இல் மீண்டும் அபர்டீன் போனேன். நிக் விரிகுடாவில் புதிய தென் துறைமுகம் திறந்திருந்தது. காற்றாலைகளுக்கான பாகங்களைப் பெரிய கப்பல்களில் கையாளவும் கட்டியது என்கிறார்கள். பழைய துறைமுகத்தில் விநியோகக் கப்பல்கள் இன்னமும் வீதி முனையில் நின்றன.

நமது மன்னார்ப் படுகையிலும் 2011 இல் 'சிக்யூ' என்ற துளையிடும் கப்பல் எரிவாயுவைக் கண்டது. எடுப்பதற்கு இன்றுவரை எவரும் வரவில்லை. வந்தால் இத்தகைய கப்பல்கள் நம் கரைக்கும் வரும். அவற்றை வேலிக்கு வெளியே நின்று எழுதி வைக்கும் ஒருவரை நாம் அனுமதிப்போமா என்பது வேறு கேள்வி.

அபர்டீன் போகக் கிடைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டொறி பற்றரிக்குக் காலையில் போங்கள், காற்றுக்குத் தடித்த மேலங்கி வேண்டும். கிழக்கே கடலிலிருந்து 'ஹார்' என்னும் மூடுபனி ஏறினால் பத்து நிமிடத்தில் எல்லாம் மறைந்துவிடும், காத்திருப்பதில் பயனில்லை. வாயிலில் அடிக்கடி டொல்பின்கள் துள்ளும். எல்லாரும் கமராவை அந்தப் பக்கம் திருப்புவார்கள், அதே வேளை ஏதாவது ஒரு கப்பல் ஓசையில்லாமல் வெளியேறும்.