வயசானா வரும்

“வயசானா மூட்டு வலி வரத்தான் செய்யும்.” 2019 முழுக்க அம்மாவைப் பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னது இதைத்தான். அப்போது அவளுக்கு 63 வயது. காலையில் விரல் மடங்காது. சேலைக் கொசுவத்தை நான்தான் மடித்துவிடுவேன். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்றிருக்கும். பிறகு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது.

நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதல் சந்தேகம் காசநோய் மேல்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. கிருமி சிக்காமலே மாத்திரை தொடங்கினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமானது, காய்ச்சல் விடவில்லை.

மதுரையில் ஒரு மூட்டுவாத மருத்துவர்தான் ‘லூபஸ்’ என்றார்; உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்.

“அது சின்ன வயசுப் பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே டாக்டர்?” என்றாள் அக்கா.

பெரும்பாலும் அப்படித்தானாம். ஐம்பதுக்கு மேல் தொடங்கினால் கன்னத்துச் சிவப்பும் சிறுநீரகப் பாதிப்பும் குறைவு. நுரையீரல், இதய உறைகளில் அழற்சி அதிகம். அம்மா முகத்தில் ஒரு தடிப்புகூட இல்லை; யாருக்குத்தான் தோன்றும்? ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் வந்ததை மட்டும் வைத்து மருத்துவர் முடிவு செய்யவில்லை. நோயே இல்லாத முதியவர்களுக்கும் அது வரும். போதாததற்கு, காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிடே லூபஸைக் கிளப்பிவிடும். “மாத்திரைக்கு முன்னாடியே விரல் வலிச்சுதாம்மா?” என்று துருவித் துருவிக் கேட்டார். டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள் கூடியும் சி3, சி4 புரதங்கள் குறைந்தும் இருந்ததைப் பார்த்த பிறகே உறுதி செய்தார்.

ஸ்டீராய்டில் காய்ச்சல் பறந்தது. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டைக் குறைக்கத் துணை நின்றது ஹைட்ராக்சிகுளோரோகுயின். எடைக்கேற்ற அளவு, கண் பரிசோதனை எல்லாம் பழகிவிட்டன.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இதுவே மருந்து என்று உலகம் பேசத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தது. ஏற்றுமதிக்குத் தடை வந்தது. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் கையை விரித்தார். ஊரடங்கில் அண்ணன் மருத்துவர் சீட்டைப் போலீஸிடம் காட்டிக் காட்டி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினான். நோயே இல்லாதவர்கள் அட்டை அட்டையாக வாங்கி வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான். உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து என்பதால், கிடைக்காமல் நின்றதன் பாதிப்பு உடனே தெரியவில்லை.

மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பயனில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு ஜூனில் அறிவித்தது. அதற்குள் அம்மாவின் விரல்கள் மறுபடி வீங்கி, பாடுபட்டுக் குறைத்த ஸ்டீராய்டை மருத்துவர் திரும்ப ஏற்றியிருந்தார்.