இறம்பொடை ஏற்றத்தில் தனியாக ஒரு சைக்கிள்

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை ஊடாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ5 வீதியில் இருக்கிறது இறம்பொடை. பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தவர்கள் 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். மலைச்சரிவில் சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. மற்றப்படி எங்கு பார்த்தாலும் தேயிலைதான்.

அந்த வீதியில் நான் தனியாகச் சைக்கிளில் போனேன். புசல்லாவை வரை தெரிந்த ஒருவரின் வானில் சைக்கிளை ஏற்றி வந்து, அங்கிருந்து லபுக்கலை வரை உழக்குவதாக ஏற்பாடு. "துணைக்கு ஒருவரும் இல்லையா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

வடக்கில் வளர்ந்த எங்களுக்குச் சைக்கிள் புதிய பொருளல்ல. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராத காலத்தில் பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கரியரில் அரிசி மூட்டையும் முன் பாரில் பிள்ளையுமாக உருட்டப்பட்ட சைக்கிள்கள் எத்தனை! சோதனைச் சாவடி வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில், இன்றும் யாராவது கை காட்டினால் என் கால் தானாகவே நிலத்தில் ஊன்றும்.

இறம்பொடை நீர்வீழ்ச்சி கடல் மட்டத்திலிருந்து 945 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரமோ 1868 மீற்றரில். இடையிலுள்ள 900 மீற்றரையும் இந்த வீதி கொண்டை ஊசி வளைவுகளாக வளைந்து வளைந்து ஏறுகிறது. தோட்டத்துப் பெண்கள் சைக்கிள் ஓடுவதை இங்கே காண்பது அரிது. லயனிலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் போவது படியும் ஒற்றையடிப் பாதையும்தான். ஆகவே சைக்கிளில் ஒரு பெண் வந்தால் எல்லாக் கண்களும் திரும்பும்.

"எங்கம்மா போறீங்க, தனியாவா?" என்று மேட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார். "லபுக்கலைக்கு அம்மா" என்றேன். "மெதுவா போங்க, மேல பனி எறங்குது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணம் முடிந்ததா, வீட்டுக்காரர் எங்கே என்ற விசாரணை எதுவும் இல்லை.

மலைவீதிக்கென்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒடுங்கிய இடத்தில் இரண்டு வாகனங்கள் எதிர்ப்பட்டால், இறங்கி வருவது நின்று ஏறி வருவதற்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் என்பதே காரணம். சைக்கிளுக்கும் அது பொருந்தும். தேயிலை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லொறிச் சாரதி, நான் மூச்சு வாங்க ஏறுவதைக் கண்டு வளைவுக்கு முன்பே ஓரங்கட்டி நின்றார். ஹோர்ன் அடிக்கவில்லை. நான் கடந்ததும் தலையசைத்துவிட்டுப் போனார்.

சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு இடையிலும் சில மரியாதைகள் இருக்கின்றன. எதிரே வருகிறவருக்குக் கை உயர்த்துவது. முந்தும்போது தூரத்திலேயே மணியடித்து, வலப்பக்கத்தால் இடைவெளி விட்டுப் போவது. முன்னால் போகிறவரின் பின் ரயரோடு ஒட்டிக்கொண்டு வராமலிருப்பது. காற்று மறைப்புக்காகப் போட்டிக்காரர்கள் அப்படி ஓடுவதுண்டு. ஆனால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். தனியே போகும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சில்லின் சத்தம் விடாமல் கேட்டால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கும் அது நடந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு இளைஞர்கள் வேகத்தைக் குறைத்து என் பக்கத்திலேயே வந்தார்கள். பெயர் என்ன, எந்த ஊர், எங்கே தங்குவது என்று கேள்விகள். நான் பதில் சொல்லாமல் உழக்கினேன். அப்போது மேட்டிலிருந்து ஒரு குரல்: "தங்கச்சி, இப்பிடி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க!" கூடையோடு நாலைந்து பெண்கள் எழுந்து நின்று வீதியைப் பார்த்தார்கள். இளைஞர்கள் வேகமெடுத்துப் போய்விட்டார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. தண்ணீர் குடித்தேன், சிரித்தோம், அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் பின் ரயரில் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப் போடும் சாமானும் பம்மும் என்னிடம் இருந்தன. ஓரத்தில் குந்தி ரியூபைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நுவரெலியாப் பக்கமிருந்து தலைக்கவசத்தோடு ஒரு இளைஞன் சைக்கிளில் இறங்கி வந்தான். வீதியின் மறுகரையிலேயே நின்று, உதவி வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டான். வேண்டாம் என்று கை காட்டினேன். மேலே ஒரு வளைவில் லொறி பழுதாகி நிற்கிறது, பனியும் இருக்கிறது, விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் வீதியைக் கடந்து என் அருகே வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆண் ஒருவர் வீதியில் நிறுத்தினால் அடையாள அட்டையைத் தேடிய காலத்தைக் கண்டவள் நான்.

அன்று நான் கண்ட நல்ல மனிதர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான். கண்டார்கள், தேவையா என்று கேட்டார்கள், பிறகு போக விட்டார்கள். தனியாகப் போகிறவளுக்கு இந்த மூன்றும் வேண்டும். காணாமல் விட்டால் ஆபத்து, போக விடாமல் இருந்தால் அது தொந்தரவு.

உலகத்தில் தனியாகச் சைக்கிளில் போன பெண்களும் இப்படிப்பட்ட மரியாதையை நம்பித்தான் போனார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த டேர்வ்லா மர்ஃபி 1963 இல் தனது நாட்டிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஊடாக இந்தியா வரை தனியாகச் சைக்கிளில் வந்து, அதைப் புத்தகமாகவும் எழுதினார். 2022 இல் காலமானார். அயலில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முதலில் கேலி வந்தது. எல்லா வீதியிலும் பெண்கள் ஓடத் தொடங்கியதும் கேலி ஓய்ந்தது.

இந்த வீதிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 2025 மே 11 ஆம் திகதி இறம்பொடை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே மழைக்காலத்தில், வீதி எப்படி இருக்கிறது என்று ஊரவரிடம் கேட்காமல் புறப்படக்கூடாது. வழியில் சுரங்கப்பாதை ஒன்றும் உண்டு. பகலானாலும் முன் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். இறங்கும்போது பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். ரயரும் றிம்மும் நனைந்திருந்தால் பிறேக் பிடிக்க நேரமெடுக்கும். பழைய கம்பிப் பிறேக் சைக்கிள் என்றால் செங்குத்தான இடத்தில் இறங்கி உருட்டுவதே புத்தி. நானும் சில இடங்களில் உருட்டினேன். யாரும் இறங்கச் சொல்லாமல், நானாக இறங்கி உருட்டியது நன்றாகவே இருந்தது.

மலைக்குப் போக முடியாத சகோதரிகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கணவரை இழந்தவர்கள், காணாமல் போனவரைத் தேடுகிறவர்கள், தனியே நின்று குடும்பம் நடத்துகிறவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். விடியற்காலையில் தையல் நிலையத்துக்கும் வயலுக்கும் பண்ணைக்கும் அவர்கள் சைக்கிளில்தான் போகிறார்கள். "எங்க வெளிக்கிட்டாச்சு? ஆரைப் பார்க்க?" என்று படலையில் நின்று கேட்பவர்கள் ஆண்கள் மட்டுமா? நாங்களும்தானே கேட்கிறோம். இனி அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். காற்றுப் போய் உருட்டிக்கொண்டு போனால் பம் இருக்கிறது என்று சொல்வோம். பாலத்தடியில் வெள்ளம் நிற்கிறது என்றால் சொல்வோம். ஒன்றும் இல்லையென்றால் கை காட்டிச் சிரிப்போம், அவளைப் போக விடுவோம்.