தமிழோசை வராத பிபிசி

பழைய பேப்பரைப் போட்டுவிட்டுக் காசு வாங்கி வா என்றுதான் அம்மா அனுப்பினாள். 1999, ஏப்ரல் கடைசி. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்தது. செங்கல்பட்டில் எங்கள் தெருமுனைக் காயலான் கடையில், தராசுக்குப் பக்கத்தில், துருப்பிடித்த சைக்கிள் ரிம்களுக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் நடுவே அது கிடந்தது. பாதாம்பால் நிறத்தில் அகலமான ஒரு பெட்டி. முன்பக்கம் கறுப்புக் கட்டைகள். அவற்றின் தலைமாட்டில் செங்காவி நிறத்தில் பத்துக் கட்டைகள். ஓரத்தில் புள்ளி புள்ளியாய் ஓர் ஆந்தை.

அந்த ஆந்தையை எனக்கு முன்பே தெரியும். 1984-ல் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பதற்காக மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகள். கொடுக்கப்பட்ட இயந்திரம், இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. பிறகு நான் படித்த பள்ளிக்கும் சில வந்து சேர்ந்தன. அவற்றுக்கென்று தனி அறை, திரைச்சீலை, பூட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதுவும் பெரிய வகுப்பு அண்ணன்மார்கள் மட்டும். மூன்றாம் வகுப்பில் நான் ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தது அந்த ஆந்தையைத்தான். இப்போது அதைக் கண்டம் பண்ணி ஏலத்தில் விட்டிருக்கிறார்கள்.

"இது எவ்வளவுணா?"

"தம்பி, அது பிளாஸ்டிக் தனி, இரும்பு தனி, உள்ள இருக்குற பலகை தனி. பிரிச்சாத்தான் காசு."

பிரிக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. செம்புக்காகக் கரண்டு வயரை ஒரு சாண் மட்டும் விட்டு வெட்டியிருந்தார். எடை போட்டார், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 200 என்றார், 150-க்கு இறங்கினார். பேப்பர் காசு 62 போக, மீதியைப் பொங்கலுக்குச் சேர்ந்த பணத்தில் கொடுத்தேன். அட்டை கிழிந்த சுருள் கம்பிப் புத்தகம் ஒன்றும் கூடவே கிடந்தது, அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அவருக்கு அது ஒரு கிலோ பேப்பர்கூட இல்லை.

"குப்பையப் போட்டுக் காசு வாங்கிட்டு வாடான்னா, காசையும் குடுத்துக் குப்பையையும் தூக்கிட்டு வர்றியே" என்றாள் அம்மா. திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெட்டிமேல் இருந்த எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தினமும் ராத்திரி ஒன்பதேகாலுக்குச் சிற்றலை ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்து, பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையைக் கேட்பவர் அவர்.

"பிபிசிக்காரன் பெட்டியா? இதுல தமிழோசை வருமாடா?"

வராது தாத்தா என்றேன். அப்புறம் எதுக்கு என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெட்டிக்குப் பின்னால் இரண்டு, அடியில் இரண்டு என நாலு திருகாணிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஃபிக்ஸ்' என்று அச்சடித்திருந்தது. அந்த நாலையும் கழற்றினால் மேல்மூடி கையோடு வந்துவிடும். இவ்வளவு மரியாதையாகத் தன்னைத் திறக்கச் சொல்லித் தரும் கம்ப்யூட்டரை நான் பிறகு பார்க்கவில்லை. உள்ளே ஒரு குளவிக்கூடு, கரப்பான் முட்டைகள், விரலால் கோடு போடும் அளவுக்குப் புழுதி. பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக இரண்டு நாள் போயிற்று. சாக்கெட்டில் இருந்த சிப்புகளைச் சின்ன ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து, கறுத்த கால்களை மை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் புள்ளி என்று கணக்கு நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அந்தப் புத்தி அப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மாமாவுக்கு ரேடியோ, டி.வி. மெக்கானிக் வேலை, பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. "நான் வர்ற வரைக்கும் கரண்டு குடுக்காத மாப்ள" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய அயர்ன்பாக்ஸ் வயரை அந்த ஒரு சாண் வயரோடு முறுக்கி, டேப் சுற்றி, சுவிட்சைப் போட்டேன்.

முதலில் கனத்த குரலில் ஒரு 'பூ...', உடனே மெல்லியதாக ஒரு 'பீப்'. கட்டைகளுக்குக் கீழே சிவப்புப் பொட்டு எரிந்தது. டி.வி. இணைக்காததால் எழுத்து எதுவும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு ஒலிகளே போதுமானதாக இருந்தன. தங்கச்சியைக் கூப்பிட்டு அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் இருக்கும். இடப்பக்கச் சந்து வழியாக வெள்ளைப் புகை. முதலில் ஊதுபத்தி அளவு, அப்புறம் சாம்பிராணி அளவு. அழுகிய மீனை வறுத்தது போன்ற நாற்றம் வீடு முழுக்க. பிளக்கைப் பிடுங்கினேன். அதுவரை அந்தச் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டேதான் இருந்தது.

என் டேப் ஒட்டுதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். ஒட்டைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு பவர் சப்ளை பெட்டியைத் திறந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார்.

"இங்க பாரு மாப்ள. நீ பண்ணல."

தேன்நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கண்டென்சர், வெடித்துப் பிளந்து, தாரைக் கக்கியிருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. அது வெடிக்கவில்லை, ஆனால் உடம்பெல்லாம் மயிரிழை விரிசல். உள்ளே இருப்பது காகிதம். மேல்பூச்சு விரிசல் விட்டால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊறிவிடும், அப்புறம் எப்போது கரண்டு கொடுத்தாலும் இப்படித்தான் என்றார். லைனில் வரும் இரைச்சலை வடிகட்டுவதுதான் அவற்றின் வேலை. அதனால்தான் அது எரியும்போதும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பொகை வந்தா நல்லதுடா. எங்க போயிருக்குன்னு அதுவே சொல்லிடுது. பொகையும் வராம வேலையும் செய்யாம ஒண்ணு வரும் பாரு, அதுதான் உயிரை வாங்கும்."

அடுத்த வாரம் மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து நடந்தே ரிச்சி தெரு. பாயிண்ட் ஒன் கண்டென்சர் ஒன்று, பாயிண்ட் ஜீரோ ஒன் ஒன்று. கடைப் பையன் வேறு எதையோ எடுத்து நீட்டினான். "ஏசி லைன்ல போடுறது, எக்ஸ் டூ எழுதியிருக்கணும்" என்று மாமா மூன்று கடை ஏறி இறங்கினார். படத்துக்கு ஒரு பி.என்.சி. கேபிளும் வாங்கினோம். எல்லாம் சேர்ந்தும் ரயில் செலவைத் தாண்டவில்லை. கடையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத ஒரு கறுப்பு வெள்ளைப் போர்ட்டபிள் டி.வி.யை மாமா எனக்காகத் தூக்கி வந்தார். மெக்கானிக் கடைகளில் இப்படி அனாதை டி.வி.க்கள் எப்போதும் நாலைந்து இருக்கும்.

புது கண்டென்சர்களைப் பற்றவைத்து, 100 வாட் சீரிஸ் பல்பு வழியாகக் கரண்டு கொடுத்தார். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. பூ, பீப். திரையில் பிபிசி கம்ப்யூட்டர் 32கே என்றும், கீழே பேசிக் என்றும், அதற்கும் கீழே ஓர் அம்புமுனையும்.

அந்த 32கே நினைவகம் எவ்வளவு என்று இப்போது சொல்ல ஓர் அளவு இருக்கிறது: நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையை இன்றைய யுனிகோடில் சேமித்தால் அதில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். அந்த பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து அடுத்து வடிவமைத்ததுதான் ஆர்ம் சிப். அதன் வம்சம் இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் 'பி' கட்டை வேலை செய்யவில்லை என்பதுதான். 'பி' இல்லாமல் பிரிண்ட் என்று அடிக்க முடியாது. பிரிண்ட் இல்லாமல் திரையில் எதையும் எழுத முடியாது என்றுதான் நினைத்தேன். சுருள் கம்பிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு துழாவியதில் வி.டி.யு. என்றொரு கட்டளை கிடைத்தது. வி.டி.யு. 65 என்றால் 'ஏ' வரும்.

இன்னும் நாலு பக்கம் தள்ளி அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது. வி.டி.யு. 23 என்று தொடங்கி, எழுத்தின் எண்ணையும் அதன்பின் எட்டு எண்களையும் கொடுத்தால் புது எழுத்தே செய்துகொள்ளலாம். எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து 128, 64, 32 என்று பாதி பாதியாகக் குறைந்து 1-இல் முடியும். இரண்டு ஓரங்களில் மட்டும் புள்ளி வேண்டுமென்றால் 128-ஐயும் 1-ஐயும் கூட்டி 129. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் 'அ' வரைந்தேன். கூட்டினேன். அடித்தேன். சம்பந்தமில்லாத ஏதோ ஒரு குறி வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான், கம்ப்யூட்டர் விழிக்கும்போது வரும் ஏழாம் மோடில் அதற்கென்று தனிச் சிப் வைத்திருக்கும் எழுத்துகள் மட்டுமே வரும் என்ற வரி கண்ணில் பட்டது. மோடு 4-க்கு மாற்றினேன்.

தாத்தா தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்தவர். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து டி.வி. முன்னால் உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சுழி சரியில்ல" என்றார். "மொதல்ல சுழி. சுழியில்லாம அகரமா?"

எட்டுக் கட்டத்தில் சுழிக்கு இடமில்லை என்று சொன்னதெல்லாம் எடுபடவில்லை. நாலு எழுத்துகளை இரண்டுக்கு இரண்டாக ஒட்டிப் பதினாறு கட்டமாக்கினேன். 32 எண்கள். ஒரு தப்பு நேர்ந்தாலும் அகரத்தின் கால் ஒடிந்துவிடும். மறுநாள் ராத்திரி மீண்டும் காட்டினேன்.

"ம். வந்துடுச்சு" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அணை. ஒம்பதேகால் ஆகப் போவுது, ரேடியோல இரையும்."

'பி' கட்டையை அந்த லீவு முடிவதற்குள் மாமா சரிசெய்தார். செங்காவிக் கட்டைகளின் கோடியிலிருந்த ஒன்றின் சுவிட்சைப் பிடுங்கி அங்கே வைத்தார். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. 32 எண்கள் உள்ள கணக்கு நோட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர்ப் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலோ இந்த ஆந்தைப் பெட்டி ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆசைப்பட்டு உடனே பிளக்கையும் செருகாதீர்கள். முதலில் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த இரண்டு கண்டென்சர்களை மாற்றிவிடுங்கள்.