கறுப்பியும் நானும்

மாணவர்களே, வளர்த்த பூனையை விட்டுவிட்டு நாடு மாறச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தபோது நான் கறுப்பியையும் கொண்டுசென்றேன். அங்கு அரச அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்ரெம்பரில்தான் அனுமதி வந்தது. அதற்காகவே பயணத்தைத் தள்ளிப்போட்டேன்.

விசர்நாய்க்கடி நோய் சிங்கப்பூரில் 1953 இன் பின் பரவவில்லை. நம் நாட்டில் இன்னும் உண்டு. ஆகவே கறுப்பியின் தோலுக்கடியில் நுண்சில்லு, தடுப்பூசி, பிறகு குருதிப் பரிசோதனை. பிறபொருளெதிரி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக்கூடாது. முடிவு வரும்வரை நான் பட்ட பாடு, பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் உங்களுக்குத்தான் விளங்கும்!

தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு முதன்முறை பார்க்கப் போனேன். கறுப்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் முறை போனபோதுதான் மடியில் ஏறினாள்.